டொக்கு டொக்குனு சத்தம் வருதா? ஷாக்க மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

நம்ம டெல்டா பக்கம் பத்து பதினஞ்சு வருஷம் ஓடுன ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், இண்டிகா, ஆம்னி எத எடுத்தாலும் அடில ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். பட்டறைல விட்டா மொதல்ல காதுல விழுறது "ஷாக் போயிருச்சுங்க, நாலையும் மாத்திருங்க"ங்கறதுதான். நாலையும் மாத்திட்டு அதே சத்தத்தோட வர்ற வண்டிய நான் தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஷாக்குன்னா பள்ளத்துல வண்டி குலுங்கறத அடக்குற ஷாக் அப்சார்பர், அது போனா வண்டி ஆடும், சத்தம் போடுறது அனேகமா வேற, சில நூறு ரூபா ரப்பர் புஷ்ஷோ (இரும்பு சாமான் சேர்ற இடத்துல இருக்கற ரப்பர்) லிங்க் ராடோதான் இருக்கும். கையில காசு கம்மியா இருக்கறவங்க எந்த வரிசைல பாக்கணும், எத வீட்டுலயே பண்ணலாம், எந்த இடத்துல கைய எடுத்துட்டு மெக்கானிக்க கூப்பிடணும்னு அறிகுறி வாரியா எழுதிருக்கேன். உங்க வண்டி என்ன பண்ணுதோ அந்தத் தலைப்புக்குப் போயிருங்க, ஆனா அடுத்து வர்றத மட்டும் எல்லாரும் படிச்சுருங்க.

## வண்டிக்கு அடில போறதுக்கு முன்னாடி

ஸ்டெப்னி மாத்துற ஜாக்கிய மட்டும் நம்பி அடில தலைய விடக் கூடாது. அதுவும் வாய்க்கால் கரை, வயல் ஓரம், மழை பேஞ்ச வாசல் இதெல்லாம் ஆகவே ஆகாது, நம்ம களிமண்ணு மேல காஞ்ச மாதிரி இருக்கும், வெயிட்டு விழுந்ததும் ஜாக்கி உள்ள இறங்கிரும். ஊர்ல நெல்லு காயப்போடுற சிமெண்ட் களம் இருந்தா அதுதான் சரியான இடம், மட்டமாவும் இருக்கும் கெட்டியாவும் இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத பக்கத்து வீலுக்கு முன்னும் பின்னும் செங்கல் இல்ல கட்டை வச்சு, பாடிக்கு அடில ஸ்டாண்டு கொடுத்துட்டுத்தான் வேலை. கழட்டுன வீலையும் படுக்க வச்சு அடில தள்ளி விட்டுருங்க, எது தவறுனாலும் அது ஒரு தாங்கல்.

இன்னொன்னு, இத நான் ரொம்ப அழுத்தியே சொல்றேன். பானட்ட தொறந்தா ரெண்டு பக்கமும் ஸ்ட்ரட்டோட (முன்னாடி ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்னா சேந்தது) தலை தெரியும், நடுவுல ஒரு பெரிய நட்டு இருக்கும். அத தொடாதீங்க. அடில காயில் ஸ்பிரிங் அமுங்கி நிக்குது, ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டுப் பிடிக்காம அந்த நட்ட கழட்டுனா ஸ்பிரிங் பிச்சுக்கிட்டு வரும், ஆளு உயிரே போகும். யூடியூப் பாத்து கயிறு கட்டி இறக்கலாம்னு யாராச்சும் சொன்னாலும் கேக்காதீங்க. முன்னாடி ஸ்ட்ரட்ட பிரிக்கறது எப்பவும் பட்டறை வேலைதான்.

பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அடில தண்ணி அடிச்சு சேறெல்லாம் கழுவிருங்க. சம்பா அறுவடை நேரத்துல, தை மாசி வாக்குல, மெஷினும் டிராக்டரும் வயல்லேர்ந்து ரோட்டுக்கு இழுத்துட்டு வர்ற மண்ணு ஆர்ம் (வீல பாடியோட சேக்குற கை மாதிரி இரும்பு) மேல அப்பிக் காஞ்சு கெட்டியாயிரும், அது இருந்தா எந்த புஷ் வெடிச்சிருக்கு எது நல்லாருக்குன்னு கண்ணுக்கே தெரியாது.

## அறிகுறி 1: சின்ன சின்ன பள்ளத்துல டொக்கு டொக்கு, கடகட

இதுதான் நம்ம ஊர் ரோட்டுல நூத்துக்கு நூறு வர்ற கம்ப்ளெயிண்ட். மதகுப் பாலம் ஏறி இறங்கும்போது, தெரு முக்குல இருக்கற பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர்ல, மெதுவா போகும்போதே கேக்கும்.

மொதல்ல காசே ஆகாதது. டிக்கில ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாத்தையும் வெளில எடுத்து வச்சுட்டு அதே ரோட்டுல ஒரு தடவ போய்ட்டு வாங்க. சத்தம் நின்னுச்சுன்னா வேலை முடிஞ்சுது. நிக்கலைன்னா மெதுவா போகும்போது பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே அந்தப் பள்ளத்துல இறக்குங்க. பிரேக் மிதிச்சா சத்தம் நிக்குது, விட்டா வருதுன்னா பிரேக் பேடு, கேலிப்பர் பின் லூசு, சஸ்பென்ஷன தொடவே வேணாம். சைலன்சர் ரப்பரையும் கையால ஆட்டிப் பாருங்க, அது அந்து போயி பைப்பு பாடில இடிக்கற சத்தத்த சஸ்பென்ஷன்னு நெனச்சு செலவு பண்ணவங்க நெறைய பேரு. பைப்பு ஆறுன பிறகு கைய வைங்க.

அடுத்து லிங்க் ராட். ஸ்விஃப்ட் மாதிரி வண்டில ஸ்டெபிலைசர் பாரையும் (வளைவுல வண்டி சாயறத கொறைக்கற கம்பி) ஸ்ட்ரட்டையும் சேக்குற ஒரு மெல்லிசான ராட் இருக்கும், ரெண்டு முனையிலயும் சின்ன பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு). இதுதான் சீக்கிரம் போறதும், விலை கம்மியானதும், மாத்த லேசானதும். செக் பண்றதுல ஒரு விஷயம் இருக்கு, ஒரு வீல மட்டும் தூக்கிப் பாத்தா பார் முறுக்கிக்கிட்டு லிங்க் ராட் டைட்டா நிக்கும், தேஞ்சுருந்தாலும் ஆட்டம் தெரியாது. ரெண்டு வீலும் தரையில இருக்கணும், இல்ல ரெண்டும் தூக்கிருக்கணும். அப்ப கைய விட்டு ராட புடிச்சு வேகமா ஆட்டுங்க, கிளிக் கிளிக்னு கையில தட்டுனா அதுதான்.

கழட்டும்போது நட்டோட உள்ள இருக்கற மரையும் கூடவே சுத்தும், நட்டு கழலாது. மரை முனையில ஆலன் கீ போடுற ஓட்டை இருக்கும், அதப் புடிச்சுக்கிட்டு ஸ்பேனர போடுங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காத்துல துரு ஏறிருந்தா முதல் நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடிச்சு விட்டுருங்க, அதுக்கும் வரலைன்னா கிரைண்டர்ல அறுத்து எடுக்கறதுதான் வழி, எப்படியும் தூக்கிப் போடப் போற சாமான்தானே.

சந்தேகமா இருந்தா ரெண்டு பக்க லிங்க் ராடையும் கழட்டி வச்சுட்டு தெருவுக்குள்ள மெதுவா ஓட்டிப் பாக்கலாம், சத்தம் போயிருச்சுன்னா உறுதி. வளைவுல வண்டி கூட சாயும், அதனால மெயின் ரோட்டுக்குப் போகாதீங்க. ஆனா மாருதி 800 மாதிரி பழைய வண்டில இந்த சோதனை கூடவே கூடாது, அதுல தனி லிங்க் ராட் கிடையாது, பாரோட முனையே நேரா லோயர் ஆர்ம்ல போய் உக்காந்து வீல இடத்துல நிறுத்தி வைக்குது. அதக் கழட்டுனா வண்டி ஓட்ட லாயக்கில்ல.

ஸ்டெபிலைசர் புஷ். பார பாடியோட புடிக்கற ரெண்டு ரப்பர். கடப்பாரை மாதிரி ஒரு கம்பிய விட்டு நெம்புனா பாருக்கும் ரப்பருக்கும் நடுவுல இடைவெளி தெரியும். விலை ரொம்ப கம்மி, லிங்க் ராட் மாத்தும்போதே இதையும் மாத்திருங்க, திரும்ப ஒரு தடவ அடில படுக்க வேணாம்.

லோயர் ஆர்ம் புஷ். பிரேக் அடிச்சா ஒரு டொக்கு, வண்டி எடுக்கும்போது ஒரு டொக்கு, இது அனேகமா ஆர்ம் புஷ். ரப்பர் ஓரத்துல லேசா வெடிப்பு இருந்தா அவசரமில்ல, நெம்பும்போது ரப்பர் இரும்ப விட்டு தனியா பிரிஞ்சு வந்தா மாத்தணும். பழைய புஷ்ஷ தட்டி எடுத்து புதுச லேத் பட்டறைல பிரஸ் போட்டு ஏத்தித் தருவாங்க. இங்க ஒரு கணக்கு போட்டுக்குங்க. சில வண்டிக்கு புஷ்ஷும் பால் ஜாயிண்டும் சேந்த முழு ஆர்ம் வெளி மார்க்கெட்ல நல்ல பிராண்டுல கிடைக்கும். ரெண்டு புஷ், ஒரு பால் ஜாயிண்ட், லேத் கூலி எல்லாம் கூட்டிப் பாத்தா முழு ஆர்மே சில சமயம் மலிவா வந்துரும். வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விலையும் கேளுங்க.

எல்லாரும் கோட்டை விடுற இடம் இது: ஆர்ம் புஷ் போல்ட்ட வீல் தொங்கிக்கிட்டு இருக்கும்போது முழுசா இறுக்காதீங்க. கையால முடுக்கி விட்டு, வண்டிய தரையில இறக்கி, வெயிட்டு உக்காந்த பிறகுதான் கடைசி டைட்டு. தொங்குற நிலைல இறுக்குனா ரப்பர் எப்பவுமே முறுக்கிக்கிட்டே ஓடும், புது புஷ்ஷு சில மாசத்துலயே கிழிஞ்சுரும், அப்புறம் "சாமான் டூப்ளிகேட்டு"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவோம்.

பால் ஜாயிண்ட். இது சத்தம் மட்டும் இல்ல, ஆபத்து. முன் வீல தூக்கித் தொங்க விட்டு, டயருக்கு அடில கம்பிய கொடுத்து மேல நெம்பச் சொல்லுங்க, நீங்க ஜாயிண்ட்ட மட்டும் பாருங்க. ஆர்முக்கும் நக்கிளுக்கும் (வீல் மாட்டியிருக்கற இரும்பு) நடுவுல மேலயும் கீழயும் ஆட்டம் கண்ணுக்குத் தெரிஞ்சா அந்த வண்டிய அதுக்கு மேல ஓட்டாதீங்க, கழண்டுச்சுன்னா வீலு மடங்கி வண்டி தரையில உக்காந்துரும். ஜாயிண்ட்ட மூடியிருக்கற ரப்பர் உறை மட்டும் கிழிஞ்சு ஆட்டம் இல்லாம இருந்தா கொஞ்சம் டைம் இருக்கு, ஆனா சேத்துத் தண்ணி உள்ள போக ஆரம்பிச்சாச்சு, ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்னாடி மாத்திருங்க. வைக்கோல் போரு பக்கத்துல வண்டி நிக்குதுன்னா இந்த உறைகள அப்பப்ப பாருங்க, எலி கடிச்சு வச்சுரும்.

ஸ்ட்ரட் மவுண்ட். பானட்ட தொறந்து ஒரு ஆள் வண்டிய அமுக்கி விட, நீங்க ஸ்ட்ரட் தலைல கைய வச்சுப் பாருங்க. நடு நட்டு தனியா எகிறுனா மவுண்ட் ரப்பர் போச்சு. சாமான் விலை பெருசில்ல, கூலிதான், ஏன்னா ஸ்ட்ரட்ட இறக்கிப் பிரிக்கணும். பட்டறைக்குக் கொடுங்க.

இத்தனையும் பாத்தும் சத்தம் போகல, அதோட ஸ்டியரிங்க புடிச்சிருக்கற கையிலயே அந்தத் தட்டு தெரியுதுன்னா ஸ்டியரிங் ராக்குல (ஸ்டியரிங்க திருப்புனா வீல திருப்புற கியர்) இல்லாட்டி அத வீலோட சேக்குற உள் டை ராட்ல கோளாறு. அங்க நிறுத்திக்குங்க, அது வீட்டு வேலை இல்ல.

## அறிகுறி 2: ஸ்பீடு பிரேக்கர் தாண்டுனதும் வண்டி ஆடிக்கிட்டே போகுது

இப்பதான் ஷாக்கு பேச்சு வருது. ஆனா அதுக்கு முன்னாடி டயர் காத்து. டிரைவர் கதவு பக்கம் ஸ்டிக்கர்ல எவ்வளவுன்னு போட்டிருக்கும், காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாருங்க. பின்னாடி எப்பவும் ஏதாவது வெயிட்டு இருக்கான்னும் பாருங்க, 60 கிலோ நெல்லு மூட்டை நாலு ஏத்துனாலே 240 கிலோ, சின்ன காருக்கு அது பின்னாடி மூணு பெரியாளுக்கு மேல.

ஒவ்வொரு மூலையா நல்லா அமுக்கி டக்குனு விடுங்க. ஒரு தடவ மேல வந்து அடங்குனா பரவால்ல. ரெண்டு மூணு தடவ எகிறுனா ஷாக் போயாச்சு. எகிறலைங்கறதால நல்லாருக்குன்னும் அர்த்தமில்ல, ஓட்டும்போது ஆடுதுன்னா கீழ பாக்கணும். ஷாக்கு மேல லேசா ஈரப்பசை படிஞ்சிருந்தா பயப்படாதீங்க. எண்ணெய் வழிஞ்சு அதுல புழுதி ஒட்டி கெட்டியா நின்னா போச்சு. மழைக்காலத்துல சேத்துத் தண்ணியும் பாக்க அப்படித்தான் இருக்கும், துணியால துடைச்சு விட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க, திரும்ப எண்ணெய் வந்திருந்தாதான் லீக்கு. டயர்ல அங்கங்க குழி விழுந்த மாதிரி தேய்மானம் இருந்தாலும் ஷாக்குதான் சந்தேகம்.

மாத்தணும்னா ஜோடியா மாத்துங்க, முன்னாடி ரெண்டு இல்ல பின்னாடி ரெண்டு. ஒன்ன மட்டும் மாத்துனா பிரேக் அடிக்கும்போதும் வளைவுலயும் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி நடந்துக்கும். நாலுக்கும் காசு இல்லன்னா மோசமான ஜோடிய இப்ப மாத்திட்டு அடுத்தத அறுவடைக்கு அப்புறம் பாத்துக்கலாம், அதுல தப்பில்ல.

பின்னாடி ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியா இருக்கற வண்டின்னா ஷாக்க நீங்களே மாத்தலாம், மேல ஒரு போல்ட்டு கீழ ஒரு போல்ட்டு. கழட்டுறதுக்கு முன்னாடி ஆக்சிலுக்கு அடில இன்னொரு ஜாக்கிய தாங்கக் கொடுங்க, ஷாக்குதான் ஆக்சில் ரொம்பக் கீழ இறங்காம புடிச்சிருக்கு, அத எடுத்ததும் ஆக்சில் தொங்கி பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங்கும் கழண்டு விழலாம்.

எண்ணெய் நிரப்பி பெயிண்ட் அடிச்சு விக்கற பழைய ஷாக்கு, காயலாங்கடை ஷாக்கு ரெண்டும் வேணாம். காயலாங்கடைல வாங்கணும்னா காயில் ஸ்பிரிங், நக்கிள் மாதிரி இரும்பு சாமான வாங்குங்க, அதே மாடல் அதே இன்ஜின் வண்டிலேர்ந்து எடுத்ததா இருக்கணும். ரப்பரும் பால் ஜாயிண்டும் புதுசுதான். கம்பெனி சாமான் விலை கட்டலைன்னா ஷாக்குக்கு கேப்ரியல், ஸ்டியரிங் பால் ஜாயிண்ட், டை ராட் எண்டுக்கு ரானே மாதிரி பேர் தெரிஞ்ச பிராண்டு போதும். ஆர்சி புக்க போட்டோ எடுத்து திருச்சி, தஞ்சாவூர் கடைக்கு அனுப்பி விலை கேளுங்க, பஸ்ல போட்டு விட்டுருவாங்க. சேசிஸ் நம்பர் சொல்லாம வாங்குனா ஒரே மாடல்லயே வேற வருஷத்து சாமான் வந்து நிக்கும்.

## அறிகுறி 3: ஒரு பக்கமா இழுக்குது, டயர் ஒரு ஓரம் மட்டும் தேயுது

ரோடு மொதல்ல. நம்ம ரோடெல்லாம் நடுவுல மேடா ரெண்டு பக்கமும் வாய்க்கால பாத்து சரிவா இருக்கும், ஸ்டியரிங்க விட்டா வண்டி லேசா இடது பக்கம் போறது சகஜம். மட்டமான இடத்துல ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அங்கயும் இழுத்துச்சுன்னா காத்து சரி பண்ணி, முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க, அம்புக்குறி போட்ட டயரா இருந்தா வேணாம். இழுப்பு பக்கம் மாறுச்சுன்னா டயர்தான். மாறலைன்னா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து வீல் பக்கத்துல கைய கொண்டு போங்க, தொட வேணாம், ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா பிரேக் புடிச்சிருக்கு.

இதுக்கப்புறம் வீல தூக்கி ரெண்டு விதமா ஆட்டுங்க. இடமும் வலமுமா புடிச்சு ஆட்டும்போது ஆட்டம் இருந்தா டை ராட் எண்ட். மேலயும் கீழயுமா புடிச்சு ஆட்டும்போது இருந்தா வீல் பேரிங் இல்ல பால் ஜாயிண்ட். எதுன்னு பிரிக்க, ஒருத்தர பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் நின்னுச்சுன்னா பேரிங், நிக்கலைன்னா ஜாயிண்ட்.

டை ராட் எண்ட நீங்களே மாத்துனா பழசு எத்தன சுத்து ஏறிருந்துச்சுன்னு எண்ணி, லாக் நட்டு இருந்த இடத்துல பெயிண்டால கோடு போட்டுக்குங்க, புதுச அதே அளவுக்கு ஏத்துங்க. அலைன்மெண்ட் சென்டர் வரைக்கும் மெதுவா போக அது போதும். நட்டுல போடுற ஸ்ப்ளிட் பின் புதுசு போடுங்க, பழச நிமித்தி மாட்டாதீங்க.

அலைன்மெண்ட் எப்பவும் கடைசில. ஆட்டம் இருக்கற வண்டிக்கு மெஷின்ல அலைன்மெண்ட் பண்றது காச வாய்க்கால்ல போடுறதுதான், அடுத்த பள்ளத்துலயே மாறிரும். அதே மாதிரி ஆர்ம், ஸ்ட்ரட், டை ராட் எது மாத்துனாலும் அலைன்மெண்ட் பாக்காம விடாதீங்க, அந்தச் செலவ மிச்சம் பண்ணி டயர் ஒரு ஜோடிய இழந்துருவோம்.

## அறிகுறி 4: வண்டி ஒரு பக்கம் சாஞ்சு, இல்ல பின்னாடி தாழ்ந்து நிக்குது

களத்துல நிறுத்தி, வீல் நடுவுலேர்ந்து மேல பாடி வளைவு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப்பால அளந்து பாருங்க. வித்தியாசம் நல்லா தெரிஞ்சா ஸ்பிரிங்க பாக்கணும். காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ் சுத்துலதான் உடையும், சேறு இருந்தா மறைஞ்சே போகும். உடைஞ்ச முனை டயர கிழிச்சுரும், அந்த வண்டி அங்கேயே நிக்கட்டும், மெக்கானிக்க வரச் சொல்லுங்க. சுருளுக்கு நடுவுல ரப்பர் பஃபர் மாட்டி உசத்தறது மலிவுதான், ஆனா சோர்ந்த ஸ்பிரிங்க அது சரி பண்ணாது.

ஆம்னி, பொலிரோ மாதிரி பின்னாடி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இருக்கற வண்டின்னா செலவு கம்மி. பட்டை உடைஞ்சிருக்கா, பட்டை முனைய பாடியோட சேக்குற ஷேக்கிள் புஷ் தேஞ்சிருக்கா, பட்டைய ஆக்சிலோட புடிக்கற யூ போல்ட் லூசா இருக்கான்னு வரிசையா பாருங்க. உடையாம தொய்ஞ்சு மட்டும் போயிருந்தா ஸ்பிரிங் பட்டறைல வளைவு ஏத்திக் கொடுப்பாங்க. கூட ஒரு பட்டை போடச் சொல்லி நிறைய பேர் கேப்பாங்க, தினமும் மூட்டை ஏத்துற வண்டின்னா சரி, ஆளு மட்டும் போற வண்டிக்குப் போட்டா முதுகு போயிரும். சென்டர் போல்ட் உடைஞ்சு ஆக்சில் நகந்திருந்தா, ரெண்டு பக்கவாட்டுலயும் பாத்தாலே ஒரு வீலு தள்ளி இருக்கறது தெரியும், அப்ப ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க.

## அறிகுறி 5: கீச்சு கீச்சு சத்தம்

மழைல நின்னு போயி வெயில்ல திரும்ப வந்தா காஞ்ச ரப்பர். ஒவ்வொரு புஷ்ஷா தண்ணி ஊத்தி வண்டிய அமுக்கிப் பாருங்க, எதுல ஊத்துனா நிக்குதோ அதுதான். சிலிகான் ஸ்ப்ரே அடிச்சா கொஞ்ச நாள் ஓடும். கிரீஸ், டீசல், கழிவு ஆயில் வேணாம். வாட்டர் வாஷ் பண்ற இடத்துல துருப்பிடிக்காதுன்னு சொல்லி அடில டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடிப்பாங்க, அது ரப்பர ஊற வச்சு மெத்துனு ஆக்கிரும். வேணாம்னு முன்னாடியே சொல்லிருங்க.

ஸ்டியரிங் திருப்பும்போது மட்டும் கீச்சோ டங்குன்னோ வந்தா, வண்டி நிக்கும்போது ஒருத்தர திருப்பச் சொல்லி முன் ஸ்பிரிங் மேல லேசா கைய வைங்க, விரல் சுருளுக்கு நடுவுல போகக் கூடாது. ஸ்பிரிங் ஒரே சீரா சுத்தாம புடிச்சுப் புடிச்சு எகிறுனா ஸ்ட்ரட் பேரிங், பட்டறைக்குப் போங்க. முழுசா ஒடிச்சு ஓட்டும்போது டக் டக் டக்னு வந்தா அது டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட், இந்தக் கட்டுரைக்கு வெளில.

## பட்டறைக்குக் கொடுக்கும்போது

"அண்ணே சத்தம் வருது பாருங்க"ன்னு விட்டுட்டு வராதீங்க. "இடது முன்பக்கம் சத்தம் வருது, லிங்க் ராடு ரெண்டுலயும் கிளிக்கு இருக்கு, பால் ஜாயிண்ட்ல ஆட்டமில்ல, ஷாக் லீக்கில்ல, லிங்க் ராடும் புஷ்ஷும் மட்டும் மாத்துங்க"ன்னு சொல்லுங்க. கழட்டுன பழைய சாமான வாங்கிக்குங்க. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி மெக்கானிக்கையும் பக்கத்துல உக்கார வச்சு, சத்தம் வந்த அதே ரோட்டுல ஒரு சுத்து போய்ட்டு வந்துதான் கூலி கொடுக்கணும். யூ போல்ட், ஸ்ட்ரட் போல்ட், வீல் நட்டு எது கழட்டி மாட்டுனாலும் ஒரு நூறு கிலோமீட்டர் ஓடுன பிறகு ஸ்பேனர போட்டு ஒரு தடவ டைட்டு பாத்துருங்க.